நம்ம மாவட்டத்தை எங்கே எழுதுவது?

ஒன்பதாம் வகுப்புப் பொருளியலின் முதல் அலகு மேம்பாட்டைப் பற்றியது. தனிநபர் வருமானம், எழுத்தறிவு, மனித மேம்பாட்டுக் குறியீடு எல்லாம் அதில் வரும். பல ஆண்டுகளாக அந்த அலகை இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடுவேன். வரையறையைச் சொல்வேன், கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வேன், அடுத்த அலகுக்குப் போய்விடுவேன். மாணவர்கள் தேர்வில் சரியாகவே எழுதினார்கள். ஆனால் 'மேம்பாடு' என்ற சொல்லுக்கும் தங்கள் வீட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டு என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கே அப்படித் தோன்றாதபோது அவர்களைக் குறை சொல்லி என்ன?

எங்கள் பள்ளி நாகர்கோவிலில் இருக்கிறது. வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றால் தமிழ்நாட்டுப் பேருந்தும் கேரளப் பேருந்தும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம். திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சென்னை எழுநூறு கிலோமீட்டர். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ களியக்காவிளையைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள். பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ போய் வந்த கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட நார்வேயையும் நைஜரையும் தேடிப் போக வேண்டாம், பக்கத்து மாநிலமே போதும் என்று ஒரு நாள் தோன்றியது. கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரைந்தேன். ஒன்று தமிழ்நாடு, மற்றொன்று கேரளம்.

முதல் முறை நான் செய்தது தவறு. பத்து குறியீடுகளை எழுதி, எதில் எந்த மாநிலம் முன்னணியில் இருக்கிறதோ அதற்கு ஒரு மதிப்பெண் என்றேன். ஐந்து நிமிடத்தில் வகுப்பு கிரிக்கெட் மைதானமாகிவிட்டது. எழுத்தறிவில் கேரளத்துக்கு ஒன்று. தொழிற்சாலைகளில் நமக்கு ஒன்று. ஒரு பக்கம் கைதட்டல், மறுபக்கம் கூச்சல். அந்தச் சத்தத்துக்கு நடுவே கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். அவனுடைய அப்பா கொத்தனார்.

"எங்க அப்பா அங்கதான் வேலைக்குப் போறாவ டீச்சர். அங்க கூலி கூட. அப்ப கேரளாதான் நல்லது."

அவன் உட்காரும் முன்பே முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிக் கேட்டாள்: "அப்படின்னா அங்க உள்ளவிய எல்லாரும் எதுக்கு துபாய்க்குப் போறாவ?"

வகுப்பு அமைதியானது. எனக்கும் உடனே பதில் வரவில்லை. மதிப்பெண் கூட்டல் அத்தோடு நின்றது. இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு உண்மையைச் சொல்லியிருந்தார்கள். என் பலகையில் இருந்த அட்டவணைக்கு அந்த இரண்டையும் சேர்த்து வைக்க இடமில்லை.

அடுத்த நாள் பலகையை அழித்துவிட்டு வேறு இடத்திலிருந்து தொடங்கினேன். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ மூன்று பெரியவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வரச் சொன்னேன்: 'ஒரு குடும்பம் நல்லா இருக்குன்னு எதை வச்சுச் சொல்லுவீங்க?' கடன் இல்லாமல் இருப்பது, சொந்த வீடு, நல்ல தண்ணீர், பக்கத்தில் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் படிப்பு, வேலை, குடிக்காத ஆண்கள், பெண்பிள்ளை இருட்டிய பிறகும் பயமில்லாமல் வீடு வந்து சேர்வது, பிள்ளைகள் கண்ணெதிரே இருப்பது. கடைசியாகச் சொன்னதை ஒரு பாட்டி மட்டுமல்ல, பலர் சொல்லியிருந்தார்கள். வளைகுடாவிலும் வெளியூரிலும் பிள்ளைகள் இருக்கும் மாவட்டமல்லவா.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, எதற்கெல்லாம் அரசு எண் வைத்திருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்தோம். 1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்ட கதையை அந்த இடத்தில்தான் சொன்னேன். பாகிஸ்தானைச் சேர்ந்த மஹபூப் உல் ஹக், நம் நாட்டின் அமர்த்தியா சென் போன்றோர், வருமானத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டை அளக்கக் கூடாது என்று ஆயுளையும் கல்வியையும் சேர்த்தார்கள். அதாவது, நம் பிள்ளைகள் பாட்டிமாரிடம் கேட்டு வந்த கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் அறிஞர்கள் தயாரித்து 1975இல் ஐ.நா. வெளியிட்ட ஆய்வு, வருமானம் குறைவாக இருந்தும் கேரளத்தில் ஆயுளும் கல்வியும் எப்படி உயர்ந்தன என்று கேட்டது. 2013இல் ழான் திரேஸும் அமர்த்தியா சென்னும் எழுதிய நூலில் கேரளத்தோடு தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் முன்னுதாரணங்களாகச் சேர்ந்துகொண்டன. ஆகவே இது முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் நடக்கும் போட்டி அல்ல. இந்தியாவில் நன்றாகச் செய்த இருவரை அருகருகே நிறுத்திப் பார்க்கிறோம். இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் மைதானச் சத்தம் எழுந்திருக்காது.

பிறகு எண்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் தேசியக் குடும்பநல ஆய்வின் சுருக்க அட்டைகளைத் திறந்தோம். மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று எனச் சில பக்கங்களில் எல்லாம் இருக்கும். ஆசிரியர்களுக்கு இதைவிடக் கைக்கு எளிதான தரவு கிடைப்பது அரிது. ஆனால் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளுக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். பேறுகால இறப்பு 54, குழந்தை இறப்பு 18.6 என்று பார்த்தவுடன், 'தாய்மார்தான் கூடுதலாக இறக்கிறார்கள்' என்று ஒரு குழு எழுதிவிட்டது. எழுத்தறிவு நூற்றுக்கு இத்தனை, அதுவும் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில். குழந்தை இறப்பு ஆயிரம் பிறப்புக்கு. பேறுகால இறப்பு லட்சம் பிறப்புக்கு. கணித ஆசிரியரை ஒரு பாடவேளைக்கு அழைத்தேன். லட்சத்துக்கு 54 என்பது ஆயிரத்துக்கு 0.54 என்று அவர் எழுதிக் காட்டிய பிறகுதான் தெளிந்தது. ஆண்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு மாநிலத்துக்கு 2011, மற்றொன்றுக்கு 2020 என்று எடுத்தால் ஒப்பீடே பொய். ஒரே ஆய்வு, ஒரே சுற்று என்பதை வகுப்பு விதியாகவே வைத்துக்கொண்டோம்.

இனி நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

1992-93இல் நடந்த முதல் சுற்று ஆய்வில் தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு 67.7 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. கேரளத்தில் 23.8. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் தமிழ்நாடு 18.6, கேரளம் 4.4. 'நாம் கேரளத்தை நெருங்கிவிட்டோமா?' என்று கேட்டு இரண்டு குழுக்களிடம் கொடுத்தேன். முதல் குழு கழித்துப் பார்த்தது. அன்றைய இடைவெளி 43.9, இன்று 14.2. நெருங்கிவிட்டோம் என்றார்கள். இரண்டாவது குழு வகுத்துப் பார்த்தது. அன்று நம் எண் கேரளத்தைப் போல 2.8 மடங்கு, இன்று 4.2 மடங்கு. விலகிவிட்டோம் என்றார்கள். இரண்டு குழுவும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தன. யார் சரி என்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

இரண்டும் சரி என்று சொல்வது ஆசிரியருக்குச் சுலபம். மாணவருக்கு அது ஏமாற்றம். ஆகவே கேள்வியை மாற்றினேன். முப்பது ஆண்டுக்கு முன் பிறந்திருந்தால் இறந்திருக்கக்கூடிய எத்தனை குழந்தைகள் இன்று பிழைக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் கழித்தல் பேசும். ஆயிரத்தில் ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள். இது சாதாரணம் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களும், கிராம சுகாதாரச் செவிலியரும், அரசு மருத்துவமனைப் பிரசவங்களும் சேர்ந்து செய்த காரியம். இன்னும் தடுக்கக்கூடிய இறப்பு எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்து மாநிலத்தைப் பார்க்க வேண்டும். 4.4 முடியும் என்று எழுபது கிலோமீட்டர் தொலைவில் ஒருவர் காட்டியிருக்கும்போது 18.6ஐ இயற்கை என்று சொல்ல முடியாது.

நன்றாகப் போன வகுப்பு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி பின்னாலேயே வந்தாள். எப்போதும் அதிகம் பேசாதவள்.

"எனக்கு ஒரு தம்பி பெறந்தான் டீச்சர். பதினோரு நாள்தான் இருந்தான். அவனும் இந்த 18.6ல இருக்கானா?"

ஆய்வு எல்லா வீட்டுக்கும் போவதில்லை, தேர்ந்தெடுத்த வீடுகளுக்குத்தான் போகும் என்று ஏதோ சொன்னேன். மாதிரி எடுத்தல் பற்றிய விளக்கம் அது. அவள் கேட்டது அதை அல்ல என்று சொல்லும்போதே தெரிந்தது. சற்று நேரம் பேசாமல் நின்றோம். பிறகு, அவன் போன்றவர்களைப் பற்றித்தான் அந்த எண் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் சுவர் அட்டவணைக்குத் தலைப்பு எழுதும் பொறுப்பு அவள் குழுவுக்கு வந்தது. 'சிசு மரண விகிதம்' என்று பாடநூல் பாணியில் தொடங்கியதை அடித்துவிட்டு, 'ஒரு வயது ஆகும் முன்பே நாம் இழந்த குழந்தைகள்' என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை.

இந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியர்கள், எண்களைப் பலகையில் எழுதும் முன் வகுப்பை ஒருமுறை கண்ணால் சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடன், குடி, வேலையின்மை, குழந்தை இறப்பு, அப்பா வெளியூரில் இருப்பது எல்லாம் நமக்குக் குறியீடு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நேற்று இரவு. யாரையும் தன் வீட்டு உதாரணத்தைச் சொல்லும்படி கேட்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கையில் கேரளம் 0.55 சதவீதம், தமிழ்நாடு 2.20. 2022-23 தொழிலாளர் ஆய்வில் வேலையின்மை கேரளத்தில் 7.0 சதவீதம், தமிழ்நாட்டில் 4.3. துபாய் கேள்வி கேட்டவளுக்கு இந்த வரியில் கொஞ்சம் பதில் கிடைத்தது. இந்தியாவில் தொழிற்சாலைகள் அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். உயர்கல்விச் சேர்க்கையில் 2021-22இல் தமிழ்நாடு 47.0, கேரளம் 41.3. எழுத்தறிவில் பின்னால் இருப்பவர் கல்லூரியில் முன்னால் இருப்பது எப்படி என்று வகுப்பு குழம்பியது. சேர்க்கை, கல்லூரி இருக்கும் மாநிலத்தின் கணக்கில்தான் சேரும். நம் மாவட்டத்துக் கல்லூரிப் பேருந்துகளில் எத்தனை மலையாளக் குரல் கேட்கிறது என்று ஒரு மாணவன் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அது மட்டுமே காரணம் அல்ல. ஆனால் எண்ணைக் கண்டதும் 'யாரை, எங்கே எண்ணினார்கள்' என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த எண் வேறொன்று. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், ஒருவர் மாதம் சராசரியாகச் செலவிடுவது கேரளக் கிராமத்தில் 5,924 ரூபாய், நகரத்தில் 7,078. தமிழ்நாட்டுக் கிராமத்தில் 5,310, நகரத்தில் 7,630. நகரத்தை மட்டும் பார்த்தால் நாம் மேலே, கிராமத்தைப் பார்த்தால் அவர்கள் மேலே. கிராமத்தைவிட நகரம் எவ்வளவு கூடுதல் என்று சதவீதம் போடச் சொன்னேன். கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 44. இந்திய அளவில் 3,773க்கும் 6,459க்கும் உள்ள இடைவெளி 71. ஒரு மாநிலத்தின் வாழ்க்கைத் தரம் என்பது அங்கே உயர்ந்த இடத்தில் இருப்பவரின் உயரம் மட்டுமா, அவருக்கும் கடைசியில் இருப்பவருக்கும் உள்ள தூரமும் சேர்த்தா? விவாதம் மணி அடித்த பிறகும் நடந்தது.

இந்தக் கட்டத்தில்தான் தலைப்பில் உள்ள கேள்வி வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு எண்களை எழுதிக்கொண்டிருந்தோம். கேரளம் 94.00, தமிழ்நாடு 80.09. "நம்ம மாவட்டம் எவ்வளவு டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். தேடினோம். கன்னியாகுமரி 91.75, தமிழ்நாட்டிலேயே முதலிடம். பாலின விகிதம் கேரளத்தில் 1084, தமிழ்நாட்டில் 996, நம்மிடம் 1019. "அப்ப நம்ம மாவட்டத்த எங்க எழுதணும்? தமிழ்நாட்டுலயா கேரளாவுலயா?" மூன்றாவதாக ஒரு பத்தி வரைந்தோம். கூடவே தர்மபுரியையும் எடுத்தோம், 68.54. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 14. தமிழ்நாட்டுக்குள்ளேயே நமக்கும் தர்மபுரிக்கும் உள்ள இடைவெளி 23. மாநிலச் சராசரி என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு வாழ்க்கைகள் இருக்கின்றன.

ஏன் நம் எண் அந்தப் பக்கம் சாய்கிறது என்ற கேள்விக்குப் பொருளியல் பாடநூல் போதாது, வரலாற்றைத் திறக்க வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பக்கம்தான் இருந்தோம். திருவிதாங்கூரில் 1817இல் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். மறு ஆண்டு சார்லஸ் மீட் நாகர்கோவிலைத் தன் மிஷன் பணியின் மையமாக்கினார். அவரைத் தொடர்ந்து பெண்களுக்கான பள்ளியும் இங்கே தொடங்கியது. நெய்யூரில் 1838இல் மருத்துவப் பணி தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் பிற்காலத்தில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்ததும் அந்த மருத்துவமனையில்தான். மேலே இருந்து வந்தது பாதி. மீதி கீழிருந்து வந்தது. தோள்சீலை உரிமைக்கு 1859 வரை பெண்கள் போராட வேண்டியிருந்தது. அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் எல்லாச் சாதியினரும் நீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டச் செய்தார். பிள்ளைகள் கொண்டுவந்த பட்டியலில் 'நல்ல தண்ணீர்' இருந்தது நினைவிருக்கலாம். குழாய் வீட்டுக்குள் வந்ததா என்பதற்குக் குறியீடு உண்டு. அந்தக் கிணற்றில் யார் வாளியை இறக்கலாம் என்பதற்கு அட்டவணையில் வரி இல்லை.

வரைபடத்தில் இரண்டு அம்புக்குறிகள் போட்டோம். அதே 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சென்னை மாநிலத்தின் கீழ் இருந்த மலபார் மாவட்டம் கேரளத்துக்குப் போனது. கல்வியில் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளைவிடப் பின்தங்கியிருந்தது மலபார். இன்று பழைய மலபாரைச் சேர்ந்த மலப்புறம் மாவட்டத்தின் எழுத்தறிவு 93 சதவீதத்துக்கு மேல். முன்னணியில் இருந்து வந்த நாம் இங்கே முன்னணியிலேயே இருக்கிறோம். பின்னால் இருந்து போனவர்கள் அங்கே முன்னே வந்துவிட்டார்கள். இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்டேன். பழைய தொடக்கம் நெடுநாள் உதவும் என்று ஒருத்தி சொன்னாள். தொடக்கம் இல்லாவிட்டாலும் அரசு நினைத்தால் முடியும் என்று இன்னொருவன் சொன்னான். தர்மபுரியைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் வகுப்பில் யாரும் எதிர்பாராத கேள்வி வந்தது. கேட்டவன் அந்தக் கொத்தனாரின் மகன்.

"அங்க படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் நல்லா இருந்துச்சுன்னா, நம்ம ஆளுங்க எதுக்கு அங்க வேண்டாம்னு சண்ட போட்டு வந்தாவ?"

இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்விகளில் ஒன்று அது. மார்ஷல் நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு ஆகியவற்றை நம் மாவட்டப் பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அதை வாழ்க்கைத் தரத்தோடு சேர்த்து ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. தன் மொழியில் மனு எழுத முடியாத அலுவலகம், புரியாத மொழியில் நடக்கும் நீதிமன்றம், தன் தாய்மொழியில் படிக்க இல்லாத பள்ளி இவையும் வாழ்க்கையின் தரம்தான் என்று அந்தத் தலைமுறை முடிவு செய்தது. எந்த அறிக்கையிலும் அதற்கு எண் இல்லை. மாணவர்கள் அட்டவணையின் அடியில் ஒரு வரி சேர்த்தார்கள்: 'தன் மொழி'. எண் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டார்கள். நியாயத்துக்காக இன்னொன்றும் சொன்னேன். நம் மாவட்டத்தில் மலையாளம் வீட்டு மொழியாக உள்ளவர்களும், மலையாள வழிப் பள்ளிகளும் உண்டு. அந்தக் காலிக் கட்டத்தை அவர்களும் ஒருநாள் நிரப்பக் கேட்பார்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இவ்வளவு எண்களைத் தொட வேண்டியதில்லை. எங்கள் தொகுப்பில் உள்ள ஓர் ஆசிரியை ஐந்தாம் வகுப்பில் ஒரே கேள்வியை வைத்து இதைச் செய்தார்: நீ எங்கே பிறந்தாய், அம்மா எங்கே பிறந்தார், பாட்டி எங்கே பிறந்தார்? பிள்ளைகள் எல்லாரும் மருத்துவமனையில், பாட்டிகள் பெரும்பாலும் வீட்டில். ஐந்தாம் சுற்று ஆய்வில் மருத்துவமனைப் பிரசவம் தமிழ்நாட்டில் 99.6 சதவீதம், கேரளத்தில் 99.8, இந்த ஒன்றில் எல்லைக்கு இரு பக்கமும் வேறுபாடே இல்லை என்று சொல்லி முடிக்கலாம்.

உயர்நிலை வகுப்புக்கு ஆறு பாடவேளைகள் ஆயின. பாடத்திட்ட அட்டவணைப்படி அது கூடுதல்தான். கணிதப் பாடவேளை ஒன்றும் வரலாற்றுக்கான இரண்டும் உள்ளே போனதால் சமாளித்தேன்.

அட்டவணை இரண்டு மாதம் சுவரில் இருந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு அந்தக் கொத்தனார் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அவர் ஊரில் இருப்பது அபூர்வம். மகன் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கூலி வரியைக் காட்டினான். ரிசர்வ் வங்கிக் கையேட்டின்படி கட்டுமானத் தொழிலாளியின் நாள் கூலி 2022-23இல் கேரளத்தில் 850 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டில் 500 ரூபாய் அளவு. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கூலி சரிதான் டீச்சர். மழைக்காலத்துல எத்தன நாளு வேல இருக்கும்? அங்க தங்குற ரூம் வாடகை, சாப்பாடு, ஞாயிற்றுக்கிழம வந்து போற பஸ்ஸு. அத எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதவில்லை. நாள் கூலியை மாத வருமானம் போல நானும் பிள்ளைகளும் பார்த்துவிட்டோம். மகன் அன்றே பென்சிலை எடுத்து அந்த வரிக்குக் கீழே மூன்று வரிகள் போட்டான்: வேலை கிடைத்த நாள், அங்கே ஆகும் செலவு, வீட்டில் இருந்த நாள். அப்பாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு மாதத்துக்கான கணக்கைப் போட்டுக் கொண்டுவந்தான். வீட்டில் இருந்த நாள் என்ற வரியில் 4 என்று எழுதியிருந்தது.

இந்த ஆண்டு அந்த அலகை அந்த மூன்று வரிகளிலிருந்து தொடங்குகிறேன்.